ஹயாத்து நானாவின் உதடு

பள்ளிவாசல்துறையில் ஒரு பிள்ளை பிறந்தால் காதில் பாங்கு சொல்ல ஒருவர் வருவார். ஏழாம் நாள் முடி இறக்க ஒருவர் வருவார். இருவரும் வந்து போன பிறகு பளீலா வருவாள். அவள் வந்து, பிள்ளை யாருடைய சாயல் என்று சொன்ன பிறகுதான் அந்த வீட்டுப் பெண்களுக்கு மற்ற அலுவல்களில் மனம் போகும்.

இதை யாரும் அவளுக்கு வேலையாகக் கொடுக்கவில்லை. அவளுடைய வேலை இடியப்பம். சுபஹுத் தொழுகைக்கு முன்னரே மாவைப் பிசைந்து, பிழிந்து, அவித்து, சந்தியிலுள்ள சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பிவிடுவாள். சாயல் சொல்வது அதன் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அவளுடைய தங்கைக்கு முதல் பிள்ளை பிறந்தபோது, மாப்பிள்ளையின் உம்மா ஒரு மூலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பளீலா பிள்ளையைப் பார்த்துவிட்டு, "மூக்கு எங்கட வாப்பாட மூக்கு. காது மட்டும் மாமிட காது, உரிச்சு வச்ச மாதிரி" என்றாள். மூலையிலிருந்த மாமி எழுந்து வந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். அன்றைக்கே பளீலாவுக்கு விளங்கிவிட்டது: ஒரு காதைக் கொடுத்தால் ஒரு மனுஷி கிடைப்பாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகள். அவள் வந்ததும் யன்னலைத் திறக்கச் சொல்வாள். பிள்ளையின் தொப்பியைக் கழற்றச் சொல்வாள். பாதத்திலிருந்து தொடங்கி மேலே வருவாள். விரல், முழங்கால், நெஞ்சு, நாடி, வாய், மூக்கு, கடைசியாக நெற்றி. வீட்டுக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்கே கொடுத்துவிட மாட்டாள். பிள்ளை அச்சு அசலாக வாப்பாவைப் போலவே இருந்தாலும், உம்மா பக்கத்துக்கு ஒரு புருவமாவது ஒதுக்குவாள். சின்ன விரல் நகத்தைக் கொடுத்து ஒரு பெரிய சண்டையை முடித்துவைத்த நாளும் உண்டு.

ஒருமுறை செம்பட்டை முடியோடு ஒரு பிள்ளை பிறந்தது. இரு பக்கத்திலும் அப்படி முடி கிடையாது. தெருவில் கதை தொடங்குவதற்குள் பளீலா போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிள்ளையுடைய வாப்பாவின் வாப்பாவுக்குக் கப்பலில் போன ஒரு தம்பி இருந்தாரல்லவா, அவருடைய முடி என்று சொல்லிவிட்டாள். அந்தத் தம்பியைப் பார்த்தவர் எவரும் உயிரோடில்லை. ஆகவே மறுத்துப் பேசவும் எவருமில்லை.

"எங்கட வீட்டுல ஒரு கோட்டு இரிக்கி" என்று அவளுடைய புருஷன் அஸ்ஜத் தன் ஓட்டோவில் ஏறுபவர்களிடம் சொல்வார். "அப்பீல் கெடயாது. நானே கலியாணம் முடிச்ச நாளையிலயிருந்து அப்பீல் கேட்டுப் பாத்துட்டேன்."

அது மெய்தான். பளீலா சொன்ன சொல்லை ஒருநாளும் திருப்பி எடுத்ததில்லை. பிள்ளைகள் வளர்ந்து வேறு முகமாக மாறிய பிறகும், "இப்ப மறைஞ்சிரிக்கி. நாப்பது வயசுல வரும், பாருங்க" என்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் நிஃப்லாவுக்குப் பிள்ளை பிறந்தது.

நிஃப்லாவின் வீடு பளீலாவின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவளுடைய உம்மா அஸீஸா. வாப்பா ஹயாத்து முகம்மது, ஊரார் அண்ணன் முறையில் ஹயாத்து நானா என்பார்கள், களப்பில் வலை போட்டுக் காலம் தள்ளியவர், இப்போது முழங்கால் நோவால் வாசலிலே கதிரை போட்டு உட்கார்ந்திருப்பவர். புருஷன் இப்ஹாம் முந்தலில் ஒரு இறால் பண்ணையில் வேலை, வாரத்துக்கொருமுறை வருவான். இப்ஹாமின் உம்மாவின் பெயர் சித்தி லெய்லா, அடுத்த தெரு. அஸீஸாவும் சித்தி லெய்லாவும் ஒருவரை ஒருவர் மச்சி என்று கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இருவரும் எவ்வளவு விஷயத்தை அடைத்துவைத்திருந்தார்கள் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

பெண்பிள்ளை. பெயர் அப்ரா. புத்தளம் ஆஸ்பத்திரியில் பிறந்து, கையிலும் காலிலும் சின்னக் கிளிப்பைப் போட்டு இரத்தத்தில் ஒட்சிசன் அளந்து பார்த்து, எல்லாம் சரியென்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பெயர் வைத்த நாளில், முடி இறக்கி முடிந்ததும் பளீலாவுக்கு அழைப்பு வந்தது.

அவள் போனபோது இரு பக்கத்துப் பெண்களும் இரண்டு பாயில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பளீலா யன்னலைத் திறக்கச் சொன்னாள். பாதத்திலிருந்து தொடங்கினாள். பாதம் இப்ஹாமின் பாதம், அதில் சந்தேகமேயில்லை. முழங்கால் சித்தி லெய்லாவுடையது. காதும் அங்கேதான். புருவம், மூக்கு, நெற்றியில் விழுந்த ஒரு சின்னக் கோடு, எல்லாம் வரிசையாக அந்தப் பாய்க்கே போய்க்கொண்டிருந்தன. சித்தி லெய்லா தன் பாயில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். அஸீஸாவின் பாயில் சத்தமே இல்லை.

பளீலாவுக்கு வியர்த்தது. உம்மா பக்கத்துக்குக் கொடுக்க இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் வாய்க்கு வந்தாள். பிள்ளையின் உதடு ஒரு மாதிரியான நீலக் கறுப்பாக இருந்தது. நகமும் அப்படித்தான். வாசலில் கதிரையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஹயாத்து முகம்மதின் மீது அவள் கண் போனது. அவருடைய உதடும் நீலக் கறுப்புத்தான். அது பீடி குடித்துக் குடித்து வந்த நிறம் என்று பளீலாவுக்கு நன்றாகத் தெரியும். பீடிக் கறை பேரப்பிள்ளைக்கு இறங்குமா என்று ஒரு சின்னச் சந்தேகம் நெஞ்சில் வந்து நின்றது. ஆனால் அஸீஸாவின் பாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உதடு ஹயாத்து நானாட உதடு" என்றாள். "நகமும் அவர்ட நகம். வேற பேச்சே இல்ல."

அஸீஸாவின் பாயில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஹயாத்து முகம்மது கதிரையிலிருந்து எழும்பப் பார்த்து, முழங்கால் இடங்கொடாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"மெய்யாவா தங்கச்சி?"

"மெய்தான் நானா. கண்ணாடி பாத்துக்கங்க."

அவர் மெய்யாகவே கண்ணாடி பார்த்தார். அவருக்கு ஏழு பிள்ளைகள். ஒரு பிள்ளையிலும் தன்னுடையதென்று ஒன்றும் கிடைத்ததில்லை. எல்லாம் அஸீஸாவின் அச்சு. இப்போது, கடைசி மகளின் பிள்ளையில், ஒரு முழு உதடு. அடுத்த நாளிலிருந்து பிள்ளையைத் தன் கதிரைக்கருகில் கிடத்தச் சொன்னார். தெருவால் போகிறவர்களை நிறுத்தி, முதலில் பிள்ளையின் வாயைக் காட்டுவார், பிறகு தன் வாயைக் காட்டுவார். பால்காரர் இரண்டு தடவை பார்க்கவேண்டி வந்தது.

இதன் பிறகு வீட்டில் போட்டி தொடங்கிவிட்டது. பிள்ளை பால் குடிக்கும்போது தலை நனைய வியர்த்தது. சித்தி லெய்லா அதைத் தன் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். "இப்ஹாமும் இப்பிடித்தான் மச்சி. சோத்துக் கோப்பையக் கண்டாலே துவாய் தேவ."

பிள்ளை இரண்டு இழுவை இழுத்துவிட்டு, இளைத்து, கண்ணை மூடிக்கொள்ளும். அஸீஸா அதை விட்டுக்கொடுக்கவில்லை. "நானும் சின்னதுல அப்பிடித்தானாம். எங்கட பக்கம் ஆரும் அள்ளி அடிச்சுத் தின்ற ஆக்களில்ல, மச்சி."

பிள்ளை அழுவதும் குறைவு. அதை இருவருமே கேட்டார்கள். எந்தப் பக்கத்தில் அமைதியான ஆட்கள் அதிகம் என்று அன்று பின்னேரம் முழுக்க இருவரும் உரத்த குரலில் வாதாடினார்கள்.

நிஃப்லா ஒருநாள், "உம்மா, புள்ள பால் குடிக்க மிச்ச நேரம் எடுக்கிது" என்று தொடங்கினாள்.

"அதான் சொன்னேனே, என்னப் போல" என்றார் அஸீஸா.

அப்ராவுக்குப் பெயர் வைத்த மறு கிழமை அல்பொன்சா மிஸ் வந்தார். அவர் அந்தப் பகுதியின் குடும்பநல மருத்துவமாது. சிலாபம் பக்கத்து ஆள். நீல ஸ்கூட்டியில் வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே பாதி விசாரணையை முடித்துவிடுபவர். பெயர் வைப்பதற்கு முன்னர் முதல்முறை வந்தபோது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நிறத்திலும் மூச்சிலும் பிழையாக ஒன்றும் தெரியவில்லை. இந்த முறை வந்து பிள்ளையைத் தராசில் வைத்ததும் அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். பிறகு பிள்ளையின் சட்டையையும் கழற்றி நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"அனே, ஏன் இந்தப் பிள்ள ஓடி வந்த ஆள் மாதிரி மூச்செடுக்குது? பால் குடிக்கேக்க வியர்க்குதா?"

"ஓம் மிஸ்!" என்றார் சித்தி லெய்லா, பரிசு வாங்கப் போகிறவரைப் போல. "எங்கட மகனப் போல."

"இடையில விட்டுட்டுத் தூங்குதா?"

"அது எங்கட பக்கம்" என்றார் அஸீஸா.

அல்பொன்சா மிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிள்ளையின் தாடையை மெல்ல அழுத்தி வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். அவருடைய குரல் மாறிவிட்டது.

"இப்பவே புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். நாளைக்கு இல்ல, இப்ப. உதடு நீலமா இருக்குது."

கதிரையிலிருந்து ஹயாத்து முகம்மது சிரித்தார். "அது நீலமில்ல மிஸ். அது என்ட உதடு. இஞ்ச பாருங்க."

"என்ன?"

"பளீலா ராத்தா சொல்லிட்டா" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி விளக்கினாள்.

"பளீலா யாரு, டொக்டரா?"

"இல்ல மிஸ். இடியப்பம்."

அல்பொன்சா மிஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நாற்பது நாள் முடியாமல் பிள்ளையை வெளியே எடுக்க ஏலாது என்றார் அஸீஸா. வெள்ளிக்கிழமை எங்கட வீட்டில் சாப்பாடு, ஆட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, அதற்குப் பிறகு காட்டுவோம் என்றார் சித்தி லெய்லா. வாழ்க்கையில் முதன்முறையாக இருவரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். "எங்கட புள்ள கறுப்பெண்டுதானே சுத்திச் சுத்திச் சொல்ற?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மிஸ் ஆம்புலன்ஸுக்குப் போன் எடுத்தார். அது தூரத்தில் வேறொரு நோயாளியோடு ஓடிக்கொண்டிருந்தது, வரச் சுணங்கும் என்றார்கள். அவர் தலைக்கவசத்தைப் பாயிலேயே வைத்துவிட்டு, பளீலாவின் வீட்டைக் கேட்டுக்கொண்டு நடந்தார்.

பளீலா இடியப்பத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானா உதடு குடுக்கிற ஆள்?" என்றார் மிஸ்.

பளீலாவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "நான் குடுக்கிறல்ல மிஸ். அல்லாஹ் குடுக்கிறான். நான் ஆருட எண்டு சொல்ற, அவ்வளவுதான்."

"சரி. இப்ப போய் அது பிழையெண்டு சொல்லுங்க."

"நான் சொன்னத் திருப்புறல்ல."

"அக்கா, கேளுங்க. பிறந்த புதுசில கையும் காலும் நீலமா இருந்தா நான் பயப்பிடமாட்டேன். குளிருக்கும் அப்பிடி வரும். உதடும் நாக்கும் நீலமெண்டா இரத்தத்தில ஒட்சிசன் காணாது. பிள்ள பால் குடிக்க ஏலாம இளைக்குது. நிறை ஏறவேயில்ல. மூச்செடுக்கேக்க விலாவில தோல் இப்பிடி உள்ள போகுது." மிஸ் விரல்களை மடக்கிக் காட்டினார். "எனக்கு இதயத்தில சந்தேகம்."

"ஆஸ்பத்திரில கிளிப் போட்டுப் பாத்துத்தானே அனுப்பின?"

"ஓம், பாத்தாங்க. அது நிறைய நோயப் பிடிக்கும். எல்லாத்தயும் பிடிக்காது. சிலது முதல் நாள் ஒளிஞ்சு நிண்டு, ரெண்டு மூண்டு கிழமையில தலைய நீட்டும். நானும் முதல் தடவை பாத்துட்டுச் சும்மா போனேன்தானே." மிஸ் கொஞ்சம் நிறுத்தினார். "நாக்கப் பாத்தீங்களா அக்கா?"

பளீலா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பாதத்திலிருந்து நெற்றி வரை அவள் பார்க்காத இடமில்லை. ஆனால் வாய்க்குள்ளே அவள் எந்தப் பிள்ளையிலும் பார்த்ததில்லை. நாக்கில் என்ன சாயல் இருக்கிறது? நாக்கைக் கொடுத்தால் யார் வாங்கிக்கொள்வார்கள்?

"எனக்கு அண்டைக்கே ஒரு சந்தேகம்" என்றாள் மெதுவாக. "அது பீடிக் கறை."

"அப்ப ஏன் சொன்னீங்க?"

"உம்மா பக்கத்துக்கு வேறொண்டும் இரிக்கல்ல மிஸ்."

பளீலா உள்ளே போய் அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் ஓட்டோவுக்குள் கால் நீட்டிப் படுத்திருந்த அஸ்ஜத்தைத் தட்டினாள்.

"எழும்புங்க. ஓட்டோவ அஸீஸா ராத்தாட வாசல்ல கொண்டு வந்து நிப்பாட்டுங்க. எஞ்சின நிப்பாட்ட வேணாம்."

"என்ன, எங்கயும் புள்ள பொறந்திரிக்கா?"

"இல்ல. பொறந்ததக் காப்பாத்த வேணும்."

அவள் தெருவால் வேகமாக நடந்தாள். அந்தக் கொஞ்ச தூரத்தில் அவளுக்குப் பல விஷயங்கள் ஓடின. இன்றைக்கு ஓர் உதட்டைத் திருப்பினால் நாளைக்கு ஊரெல்லாம் மூக்கையும் காதையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். செம்பட்டை முடியின் கதை கிளம்பும். சின்ன விரல் நகத்தால் முடிந்த சண்டை மறுபடி தொடங்கும். ஆனால் பிள்ளையின் விலாவில் தோல் உள்ளே போவதாக மிஸ் விரல்களை மடக்கிக் காட்டியது அவள் கண்ணிலேயே நின்றது.

வீட்டில் எல்லோரும் அவளுக்காகவே காத்திருந்தார்கள்.

"வா பளீலா" என்றார் அஸீஸா. "இந்த மிஸ்ஸுக்கு நல்லா விளங்கச் சொல்லு."

பளீலா நேராகக் கதிரைக்குப் போனாள். "நானா, நாக்க நீட்டுங்க."

"என்ன?"

"நீட்டுங்களேன்."

ஹயாத்து முகம்மது, இன்னும் ஏதோ கிடைக்கப் போகிறதென்ற ஆசையில், நாக்கை முழு நீளத்துக்கு நீட்டினார். வெற்றிலையால் சிவந்து கிடந்தது. பளீலா பிள்ளையைத் தூக்கி யன்னலருகே கொண்டுபோனாள். கன்னத்தில் விரலை வைத்ததும், பால் வருகிறதென்று நினைத்து அது வாயைத் திறந்தது. நாக்கு நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கைப் போல இருந்தது.

"எல்லாரும் வந்து பாருங்க" என்றாள். "உதடு நானாட இல்ல. நான் பிழையாச் சொல்லிட்டேன்."

பளீலா பிழையென்று சொன்னதை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. முதலில் தெளிந்தவர் சித்தி லெய்லா.

"அப்ப எங்கட பக்கமா?"

"இல்ல."

"பின்ன ஆருட?"

"ஒருத்தர்டயும் இல்ல ராத்தா. அது நோய்ட நெறம். வியர்க்கிறதும் இப்ஹாம்ட வியர்வ இல்ல. இளைக்கிறதும் அஸீஸா ராத்தாட இளைப்பு இல்ல. எல்லாத்தயும் குடுங்க இஞ்ச."

"குடுக்கிறதா?" அஸீஸா எழுந்துவிட்டார். "ஏழு புள்ளயில ஒண்டும் கெடைக்காத மனுஷனுக்கு ஒரு உதடு கெடச்சிச்சி. அதயும் பறிக்கிறியா?"

"தங்கச்சி" என்றார் ஹயாத்து முகம்மது, நாக்கை இன்னும் முழுதாக உள்ளே இழுக்காமல், "ஒருக்கா நல்லாப் பாரு. மேலுதடாவது?"

"மேலுதடும் இல்ல நானா."

"காது எங்களுக்குத்தானே?" என்று சித்தி லெய்லா உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினார். அதற்கு அஸீஸாவின் தங்கை ஏதோ சொன்னார். அதற்கு சித்தி லெய்லாவின் மச்சி ஏதோ சொன்னார். எட்டுப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். அல்பொன்சா மிஸ் சிங்களத்தில் ஏதோ சொல்லித் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அந்தச் சத்தத்துக்குள் நிஃப்லா உள்ளேயிருந்து வந்தாள். தோளில் பிள்ளையின் பை தொங்கியது. அவள் எப்போது அதைக் கட்டினாள் என்று யாருக்கும் தெரியாது.

"போன கிழமையே நான் சொன்னேன், புள்ள குடிக்க ஏலாமக் கஷ்டப்படுது எண்டு" என்றாள். சத்தம் போடவில்லை. "ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல. எல்லாரும் புள்ளயப் பிரிச்சு எடுத்துட்டீங்க. மிச்சமிரிக்கிற புள்ள என்ட. நான் கொண்டு போறேன்."

அவள் பளீலாவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வாசலில் இறங்கினாள். ஓட்டோ எஞ்சின் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. பளீலா அவள் பின்னால் ஏறினாள். அதற்குள் அஸீஸாவும் வந்து நெருக்கி உட்கார்ந்துவிட்டார். சித்தி லெய்லா இடமில்லாமல் தெருவில் நின்று, இன்னொரு ஓட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டே, "நான் வரும் வரைக்கும் டொக்டரோட ஒண்டும் கதைக்காதீங்க!" என்று கத்தினார். முன்னால் நீல ஸ்கூட்டி ஹோன் அடித்துக்கொண்டு போனது. பாலாவிச் சந்தி வரை அஸ்ஜத் ஒரு பகிடியும் விடவில்லை. பளீலா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் பேசாமல் ஓட்டியதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் காலில் கிளிப்பைப் போட்டதும் நேர்ஸ் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். உம்மாவோடு ஒருவர் மட்டும் வரலாம் என்றார்கள். பளீலாவும் உள்ளே காலை வைத்துவிட்டாள்.

"நீங்க பிள்ளைக்கு என்ன முறை?" என்று கேட்டார் நேர்ஸ்.

ஊரிலுள்ள எல்லோரையும் எல்லோரோடும் சேர்த்துவைத்த பளீலா யோசித்தாள். ஒரு முறையும் கிடைக்கவில்லை. "நான் பக்கத்து வீடு மிஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சுவரோர மரவாங்கில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் இளம் டொக்டர் ஒருவர் வந்தார். இதயத்தில் பிறவியிலேயே ஒரு கோளாறு இருக்கலாம், கொழும்புக்கு அனுப்பி ஸ்கேன் பார்க்கவேண்டும், ஆம்புலன்ஸ் ஆயத்தமாகிறது என்றார். பிறகு கேட்டார்: "குடும்பத்தில் யாருக்காவது பிறவியில் இதய நோய் இருந்திருக்கிறதா? எந்தப் பக்கம்?"

அப்போதுதான் வந்து இறங்கியிருந்த சித்தி லெய்லா மூச்சு வாங்க, "எங்கட பக்கம் இல்ல டொக்டர்! சுத்தமா இல்ல!" என்றார்.

"எங்கட பக்கமும் இல்ல" என்றார் அஸீஸா. "எங்கட ஆக்களுக்குத் தடிமன்கூட வாறல்ல."

காலையில் பிள்ளையின் வியர்வைக்கும் இளைப்புக்கும் அடித்துக்கொண்டவர்கள், இப்போது ஒருவர் மடியிலிருந்து மற்றவர் மடிக்கு நோயைத் தள்ளினார்கள். "ஒங்கட சாச்சி ஒருத்தி நெஞ்சப் பிடிச்சிட்டு விழுந்த இல்லயா மச்சி?" "அது வழுக்கி விழுந்த மச்சி, நெஞ்சில்ல." கதவோரத்தில் நின்ற நிஃப்லாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அடுத்து எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும்: வயிற்றில் பிள்ளையோடு நீ என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய்.

பளீலா வாங்கிலிருந்து எழுந்தாள்.

"ஒருத்தர்ட பக்கமும் இல்ல எண்டு நான் சொல்லிட்டேன்தானே. பிறகென்ன கேள்வி? டொக்டர், சொல்லுங்க, இது ஆரும் குடுத்ததா?"

"பெரும்பாலும் காரணம் தெரியாது" என்றார் டொக்டர். "உம்மா செய்த எதாலும் வந்ததாக நினைக்க வேண்டாம்."

"கேட்டீங்களா?" என்றாள் பளீலா. இரு பக்கமும் வாயை மூடிக்கொண்டது. நிஃப்லா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள்.

முந்தலிலிருந்து இப்ஹாம் பண்ணைச் சப்பாத்தோடேயே வந்து சேர்ந்தான். அவனும் நிஃப்லாவும் ஆம்புலன்ஸில் பிள்ளையோடு கொழும்புக்குப் போனார்கள்.

அடுத்த நாள் அங்கிருந்து போன் வந்தது. அஸீஸாவின் வீட்டில் போனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள். ஸ்கேனில் கண்டுபிடித்துவிட்டார்களாம். அரிதான கோளாறாம். அதன் பெயரை இப்ஹாம் மூன்று தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டான்.

"எங்கட பண்ணையில நல்ல தண்ணி வாற வாய்க்காலும் பாவிச்ச தண்ணி போற வாய்க்காலும் வேற வேறதானே?" என்றான். "புள்ளட சுவாசப்பையிலயிருந்து நல்ல ரத்தம் வாற குழாயெல்லாம் இதயத்துல சேரவேண்டிய பக்கம் சேராம, பாவிச்ச ரத்தம் வாற பக்கம் போய்ச் சேர்ந்திரிக்காம். ரெண்டும் கலந்துதான் உடம்புக்குப் போகுது. குளத்துல ஒட்சிசன் கொறஞ்சா இறால் மேல வந்து வாயத் திறக்கும். நான் தினம் பாக்கிற. என்ட புள்ள அப்பிடித்தான் கெடந்திரிக்கி. நான் பாக்கல்ல. குழாயக் கழட்டிச் சரியான பக்கம் பூட்டுவாங்களாம்."

"பூட்ட ஏலுமாமா?" என்று கேட்டார் ஹயாத்து முகம்மது.

"ஏலுமாம் மாமா. ஆனா சின்ன இதயம். துஆச் செய்யுங்க."

ஒபரேசனுக்கு நாள் குறித்தார்கள். அதுவரை பளீலா யார் வீட்டுக்கும் சாயல் சொல்லப் போகவில்லை. அடுத்த தெருவில் ஒரு பிள்ளை பிறந்து, அவளை அழைக்காமலே வீட்டுக்காரர்கள் மூக்கைத் தாங்களே பிரித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டாள். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. ஹயாத்து நானா அவளைக் கண்டால் கதிரையை மறுபக்கம் திருப்பிக்கொள்வதுதான் பட்டது. இடியப்பம் கொண்டுபோய்க் கொடுத்தால் சாப்பிடுவார். ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார்.

ஒபரேசன் நாளில் இரு பக்கமும் அஸீஸாவின் வீட்டில் கூடியது. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குச் சொன்ன ஆடு சித்தி லெய்லாவின் வீட்டு முற்றத்தில் இன்னும் கட்டியபடியே நின்றது. அதற்கு யார் குழை போடுவது என்பதைத் தவிர வேறு வாதம் நடக்கவில்லை. பளீலா வாசற்படியோரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அல்பொன்சா மிஸ் இடையில் வந்து, தலைக்கவசத்தோடேயே செய்தி கேட்டு, ஒன்றுமில்லாமல் திரும்பினார்.

அஸர் தொழுகை முடிந்த பிறகு போன் அடித்தது. அதை எடுக்கப் போய் அஸீஸாவும் சித்தி லெய்லாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பளீலாதான் எட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

"உம்மா... மாமி... முடிஞ்சிட்டு" என்றது இப்ஹாமின் குரல். "நல்லம் எண்டு சொல்றாங்க. இன்னும் கொஞ்ச நாள் மிசின்ல வச்சிருப்பாங்களாம். ஆபத்துத் தாண்டிட்டு எண்டு இன்னும் சொல்லல்ல. ஆனா நல்லமாம். நிஃப்லா உள்ள போய்ப் பாத்தா."

அல்ஹம்துலில்லாஹ் என்று வீடு முழுக்க எழுந்தது. சித்தி லெய்லா அஸீஸாவின் தோளில் சாய்ந்து அழுதார். அஸீஸா, "அழாதீங்க மச்சி" என்று சொல்லிவிட்டு அதைவிடச் சத்தமாக அழுதார். ஹயாத்து முகம்மது கதிரையைத் திருப்பி, மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார்.

"மகன், ஒண்டு கேக்க வேணும். உதடு?"

"என்ன மாமா?"

"புள்ளட உதடு. இப்ப என்ன நெறம்?"

அந்தப் பக்கம் நிஃப்லாவிடம் கேட்கிறான் போலிருந்தது. பிறகு நிஃப்லாவின் குரலே வந்தது; அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"செவப்பு வாப்பா. செங்கொய்யாவ வெட்டினா உள்ளுக்க இரிக்கிற மாதிரி."

ஹயாத்து முகம்மது தலையை ஆட்டினார். சித்தி லெய்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பளீலாவைப் பார்த்தார். அஸீஸாவும் பார்த்தார். இரு பாயும் ஒன்றாகவே அவளைப் பார்த்தது. யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையுமில்லை.

பளீலாவின் நாக்கு நுனிக்கு மூன்று பெயர்கள் வந்தன. அஸீஸாவின் மூத்த ராத்தாவுக்கு அப்படி ஒரு உதடு உண்டு. சித்தி லெய்லாவின் சாச்சிக்கும் உண்டு. பொறுமையாகப் பார்த்தால் இரு பக்கத்துக்கும் ஆளுக்கொரு உதடாகப் பிரித்துவிடலாம்.

"நான் இன்னும் பாக்கல்ல" என்றாள். "வீட்டுக்கு வரட்டும்."

ஹயாத்து முகம்மது அவளை ஒருகணம் பார்த்தார். பிறகு போனை வாய்க்கு மிக அருகில் கொண்டுபோய், கொழும்புக்கே நேரே கேட்கவேண்டும் என்பதைப் போலக் கத்தினார்:

"கேட்டியா மகள்? சுறுக்காக் கூட்டிட்டு வாங்க. பளீலா இன்னும் பாக்கல்லயாம்!"